பக்கத்து வீட்டு ஆப்பிள் மரத்தடியில் ஒரு பொறி

ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, என் ஆப்பிள் மரம் கையோடு வந்துவிட்டது.

கிளை அல்ல. மரம். முழு மரம்.

பனி உருகிப் புல் தெரியத் தொடங்கிய முதல் வாரம் அது. குளிர்காலம் முழுக்க எட்டிப் பார்க்காத தோட்டத்தை ஒரு தடவை சுற்றி வரலாமே என்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். கால் கொஞ்சம் வழுக்கியது. பிடிமானத்துக்கு மரத்தில் கை வைத்தேன்... அதுவும் என்னோடு சேர்ந்து சாய்ந்தது. முதலில் நான் விழுந்தேன். பிறகு மரம் என் மேல் விழுந்தது.

எழுந்து பார்த்தால், அடியில் வேர் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஏழு வயது மரத்தின் அடியைப் பென்சில் சீவுவது போல யாரோ கூராகச் சீவி வைத்திருந்தார்கள். சீவிய இடம் முழுக்கப் பல் தடம். இரண்டு இரண்டாக, நெருக்கமாக, ஒழுங்காக...

வாசலில் கோப்பியோடு நின்ற என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

“என்னத்துக்கப்பா மரத்தைப் பிடுங்கினனீர்?”

“நான் பிடுங்கேல்லை. அதுவாத்தான் வந்தது.”

“மரம் அதுவா வருமே?”

இருபத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் இதைவிட மோசமான கேள்விகளுக்கெல்லாம் சளைக்காமல் பதில் சொல்லியிருக்கிறேன். அன்று முடியவில்லை. ஏனென்றால் அதற்குள் என் கண் புல் தரைக்குப் போய்விட்டது. அங்கே மண் கும்பிகள். என் மரம் நின்ற இடத்தில் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக வேலியை நோக்கி... கடைசிக் கும்பி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அந்தப் பக்கம் பெரிட்டின் தோட்டம். கடைசிக் கும்பியிலிருந்து மூன்றே எட்டில் பெரிட்டின் ஆப்பிள் மரம்.

பெரிட் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. எழுபத்தாறு வயது. ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் நாங்கள் இருப்பது வரிசை வீடுகள் — இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்று, இரண்டு தோட்டத்துக்கும் நடுவே இடுப்பளவு செடிவேலி ஒன்று. பதினோரு வருடமாக அந்த வேலிக்கு மேலால் ‘ஹை’ சொல்லிக்கொள்கிறோம். வெயில் அடித்தால் வெயிலைப் பற்றி இரண்டு வசனம். பனி கொட்டினால் பனியைப் பற்றி இரண்டு வசனம். அதற்கு மேல் போனதில்லை.

போன ஒக்டோபரில் பெரிட்டுக்கு இடுப்பில் ஒப்பரேஷன். அது முடிந்ததும், குளிர்காலத்தை மகளோடு கழிக்க ஸ்தவாங்கருக்குப் புறப்பட்டார். புறப்படும்போது வீட்டுத் திறப்பை என் கையில் தந்து சொன்னது இவ்வளவுதான்: “தபாலை எடுத்து வை. உள்ளே இருக்கும் பூச்செடிகள் செத்தால் பரவாயில்லை. ஆப்பிள் மரத்தை மட்டும் பார்த்துக்கொள்.”

அந்த மரத்தை நட்டது அவருடைய கணவர். நட்ட வருடமே மனுசன் போய்விட்டார். ஒரு பழம்கூடக் கண்டதில்லை. பெரிட் இதை என்னிடம் ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார், அதுவும் பஸ் பிந்தி வந்த கதையைச் சொல்வது போல. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் பதினொரு மணிக்கு ஸ்தவாங்கரிலிருந்து போன் வரும். நலம் விசாரிப்பு எல்லாம் கிடையாது. “மரம் எப்படி?”

என் மரம் கையோடு வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை.

“மரம் எப்படி?”

“நல்லா இருக்கு,” என்றேன்.

பொய்தான். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? மே பதினேழு தேசிய தினத்துக்கு முன்னால் வந்துவிடுவேன் என்று வேறு சொன்னார். கையில் இருந்தது நான்கு வாரம். அதற்குள் அந்த மண்ணுக்குள் இருக்கிற பிறவியைப் பிடித்தாக வேண்டும்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. கேட்டவுடன் பதில் வரும். சரியா பிழையா என்பது பிறகு பார்க்கவேண்டிய சங்கதி. மண் கும்பியைப் பார்த்தவுடனேயே தீர்ப்புச் சொல்லிவிட்டேன் — இது அகழெலி. மண்ணுக்குள்ளேயே குடியிருக்கும், கண் சரியாகத் தெரியாத, கறுத்த வெல்வெட் தோல் போட்ட அந்தப் பிராணி. இங்கிலீஷில் மோல்.

லண்டனில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன். அவன் வீட்டுப் புல் தரையிலும் இதே தொல்லை இருந்து, பொறி வைத்துப் பிடித்தவன். “அக்கா, யோசியாதேங்கோ, நான் அனுப்பிறன்,” என்றான். சொன்னபடியே, ஒஸ்லோவுக்கு வந்த ஒரு நண்பரின் பெட்டியில் நான்கு பொறிகள் வந்து சேர்ந்தன. இரண்டு, பெரிய கத்தரிக்கோல் போல. இரண்டு, பாதிக் குழாய் போல. நல்ல கனமான இரும்பு.

புது இரும்புச் சாமான் வீட்டுக்கு வந்தால் நம்மவர்கள் சும்மா விடுவார்களா? கார் வாங்கினால் செய்வதைத்தான் என் வீட்டுக்காரர் பொறிக்கும் செய்தார். நான்குக்கும் சந்தனம் பூசி, நடுவில் குங்குமப் பொட்டு. நான் அதற்கு முன்பே பாத்திரம் கழுவும் சோப்பில் போட்டுத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தேன். எலுமிச்சை மணத்தோடும் சந்தன மணத்தோடும் பொறிகள் மண்ணுக்குள் போயின.

ஒரு வாரம் ஒன்றும் விழவில்லை.

எட்டாம் நாள் காலை போனால், ஒரு பொறி அடித்து மூடியிருந்தது. கையுறை போட்டு, மெல்ல இழுத்து எடுத்தேன். உள்ளே பிராணி இல்லை. மண் இருந்தது. கொஞ்ச நஞ்சமல்ல — இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில், இடைவெளியே இல்லாமல், இறுக்கி அடைத்த மண். வந்த பிராணி பொறியைப் பார்த்திருக்கிறது, யோசித்திருக்கிறது, மண்ணைத் தள்ளி வாயை அடைத்திருக்கிறது, பக்கத்தால் வேறு பாதை வெட்டிக்கொண்டு போயிருக்கிறது. எனக்கு வந்த அவமானத்தைச் சொல்லி முடியாது. வேலியின் அந்தப் பக்கம் இன்னும் இரண்டு கும்பி கூடியிருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் என் புலம்பலை இளைய மகள் மீரா கேட்டுக்கொண்டிருந்தாள். இங்கே பிறந்தவள், இருபத்திரண்டு வயது, பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சோற்றைப் பிசைந்துகொண்டே ஒரு வசனம் சொன்னாள்.

“அம்மா, நோர்வேல முல்ட்வார்ப் இல்லை.”

முல்ட்வார்ப் என்றால் அகழெலி. எனக்கு விளங்கவில்லை. “இல்லையெண்டா? எங்கட வளவிலையோ?”

“நாட்டிலையே இல்லை. பார்னஸ்கூலவே படிச்சனாங்கள். ஸ்வீடன்ல இருக்கு, டென்மார்க்ல இருக்கு, இஞ்சை இல்லை. நான் ஹெல்ட் சிக்கர்.”

பார்னஸ்கூல் என்றால் ஆரம்பப் பள்ளி, ஹெல்ட் சிக்கர் என்றால் நூறு வீதம் நிச்சயம். கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. முப்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். இந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறேன். இந்த நாட்டில் இல்லாத ஒரு மிருகத்தைப் பிடிக்க, கடல் கடந்து இரும்பு வரவழைத்து, அதற்குப் பொட்டும் வைத்திருக்கிறேன்.

அது போதாது என்று இன்னொன்று ஞாபகம் வந்தது. அந்த வாரம்தான் வேலையில், மதிய உணவு மேசையில், மூன்று நோர்வேக்காரிகளுக்கு அகழெலி பற்றி அரைமணி நேரம் வகுப்பு எடுத்திருந்தேன். எப்படி இருக்கும், எப்படித் தோண்டும், எங்கள் தோட்டத்தில் என்ன செய்தது... மூன்று பேரும் தலையாட்டிக் கேட்டார்கள். கோப்பி குடித்தார்கள். ஒருத்தியாவது, ‘அம்மணி, அப்படி ஒன்று இங்கே கிடையாது’ என்று சொன்னாளா? இல்லை. சுவாரசியமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

“அப்ப எங்கட மரத்தைத் திண்டது ஆர்?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

“வோண்ட்,” என்றாள் மீரா. “முல்ட்வார்ப் புழுத்தான் சாப்பிடும். வேர் சாப்பிடுறது வோண்ட்.”

வோண்ட் என்பது ஒரு வகைக் கொழுத்த எலி. தண்ணீர்க் கரையிலும் இருக்கும், தோட்டத்து மண்ணுக்குள்ளும் இருக்கும். வேர், கிழங்கு, மரப்பட்டை — இதுதான் சாப்பாடு. குளிர்காலத்தில் பனிக்கடியில் யாரும் பார்க்காமல் வேலையை முடித்துவிடும். வசந்தத்தில் மரத்தில் கை வைத்தால்தான் தெரியவரும்.

இதற்கு மேல் என் மூளையை நம்பிப் பயனில்லை. அன்ரன் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

அன்ரன் அண்ணை மன்னார்க்காரர். ட்வெய்ட்டாவில் மாடிக் குடியிருப்பு ஒன்றுக்குப் பராமரிப்பாளர் — இங்கே வாக்மெஸ்தர் என்பார்கள். குழாய் உடைந்தாலும் அவர்தான், பூந்தோட்டத்தில் எலி வந்தாலும் அவர்தான். மூத்தவள் பிறக்க ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப்போனதும் அவருடைய வான்தான். அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு மண்வெட்டியோடு வந்து இறங்கினார்.

முதலில் லண்டன் பொறி ஒன்றைக் கையில் எடுத்தார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார்.

“தங்கச்சி, ஆர் இதுக்குச் சந்தனம் பூசினது?”

என் வீட்டுக்காரர் வானத்தில் மேகம் பார்த்தார்.

“அதுக்கு மூக்குத்தான் சீவியம். இந்த மணத்துக்கு அது ட்வெய்ட்டா வரைக்கும் ஓடிப்போகும்,” என்றார் அன்ரன் அண்ணை. பொறி பிழையான பொறி என்பது வேறு. அகழெலிப் பொறியில் நடுவில் ஒரு தகடு இருக்கும். கண் தெரியாத பிராணி பாதையில் ஏதோ மண் விழுந்து கிடக்கிறதென்று அதைத் தள்ளிக்கொண்டு வரும், அகப்படும். வோண்ட் அப்படி முட்டிக்கொண்டு வராது. பாதையில் புதிதாக எது கிடந்தாலும் மண்ணால் அடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

பிறகு கும்பிகளைப் பார்த்தார். நான் பார்த்த அதே கும்பிகள்தான். ஆனால் அவர் குந்தி இருந்து பார்த்தார்.

“உதைப் பாருங்கோ. கும்பி தட்டையாக் கிடக்கு. ஓட்டை நடுவிலை இல்லை, பக்கத்தாலை. மண்ணுக்கை புல்லு வேர் கலந்திருக்கு. வோண்ட் எண்டதுக்கு வேறை என்ன வேணும்?”

ஓர் இரும்புக் கம்பியால் கும்பிக்குப் பக்கத்தில் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே போனார். ஓர் இடத்தில் கம்பி சட்டென்று உள்ளே இறங்கியது. அந்த இடத்தில் மண்வெட்டியால் சதுரமாக வெட்டித் திறந்தார். உள்ளே பாதை. அகலத்தைவிட உயரம் கூடிய, முட்டை வடிவப் பாதை. சுத்தமாக, வழுவழுப்பாக... எங்கள் வீட்டு நிலக்கீழ் அறைகூட அவ்வளவு சுத்தம் கிடையாது.

“திறந்தபடி விடுங்கோ. அதுக்கு வெளிச்சமும் காத்தும் பிடிக்காது. பின்னேரத்துக்கிடையிலை அடைச்சிருந்தா, ஆள் உள்ளை இருக்கு. அடைக்காமல் இருந்தா, அது பழைய பாதை. பழைய பாதையிலை வருசக்கணக்கா பொறி வைச்சாலும் ஒண்டும் விழாது.”

நான் ஒரு வாரம் பொறி வைத்தது எந்தப் பாதையில் என்று கேட்கிறீர்களா? எனக்கே தெரியாது. கும்பியைப் பார்த்து, அதன் நடுவில் குத்தி இறக்கியிருந்தேன்.

சரி, பெரிட்டின் பக்கத்தையும் பார்ப்போம் என்று வேலியைத் தாண்டினோம். அவருடைய மரத்தைச் சுற்றி வைக்கோல் ஒரு சாண் உயரத்துக்குக் கிடந்தது, மேலே காய்ந்த இலை.

“ஆர் இந்த வைக்கலைப் போட்டது?” என்று கேட்டார்.

“நான்தான்,” என்றேன். பெருமையாகவே சொன்னேன். குளிருக்கு மரத்தின் கால் விறைக்கக்கூடாதே என்று ஒக்டோபரில் நானே தூக்கிக்கொண்டு வந்து பரப்பியது. அவர் வைக்கோலைக் கையால் விலக்கினார். அடியில் ஓட்டை. ஓட்டையைப் பின்பற்றிக் கையாலேயே மண்ணைக் கிளறிக்கொண்டு போனார். ஒரு முழம் தள்ளி, மண் உள்ளே விழுந்து, ஒரு சிறிய அறை திறந்தது.

களஞ்சிய அறை. குளிர்காலத்துக்காக அது சேர்த்து வைத்த சாப்பாடு.

கரட் அடிகள். பீற்றூட் துண்டுகள். உருளைக்கிழங்குத் தோல், முளை விட்டபடி. அவற்றுக்கு நடுவில், மண் ஒட்டிக்கொண்டு, நல்ல ஊதா நிறத்தில் இரண்டு துண்டு.

ராசவள்ளிக் கிழங்கு.

அந்த வரிசையில் இருபது வீடு இருக்கிறது. இருபது வீட்டில் ராசவள்ளிக் கஞ்சி காய்ச்சும் வீடு எது? தமிழ்க் கடையில் அந்தக் கிழங்கு வந்ததென்று கேள்விப்பட்டு, ஐப்பசி மழையில் குடையும் இல்லாமல் ஓடிப்போய் வாங்கியவள் யார்? தோலைச் சீவி, நுனியை வெட்டி, மரத்துக்குப் போடலாம் என்று எடுத்து வைத்தவள் யார்?

அதைச் சொல்லத்தான் வேண்டும். மரக்கறிக் கழிவைக் குப்பையில் போட எனக்குக் கை வராது. பச்சைப் பையில் கட்டி வை, நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று நகரசபை சொன்னது. எனக்கு மனம் கேட்கவில்லை. தோலும் தண்டும் மரத்தடிக்குப் போனால்தானே மரம் செழிக்கும்? நம்மவர் எல்லாரும் செய்வதுதான். வாழைக்குச் சரி, தென்னைக்குச் சரி, முருங்கைக்குச் சரி. ஆப்பிளுக்கு மட்டும் ஏன் பிழையாகப்போகிறது? அதனால் ஒவ்வொரு இலையுதிர் காலமும் மண் இறுகும் வரைக்கும் நாளாந்தம் ஒரு கிண்ணம், சின்னக் குழி வெட்டி என் மரத்தடியில் புதைப்பேன். போன வருடம் பெரிட் ஊரில் இல்லை. பாவம், மரத்தைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனவே இரண்டு கிண்ணமாகப் பிரித்தேன். ஒன்று என் மரத்துக்கு. ஒன்று பெரிட்டின் மரத்துக்கு.

அன்ரன் அண்ணை ஊதாத் துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஆறுதலாகத்தான் சொன்னார்:

“தங்கச்சி, நீங்கள் இதுக்குப் பொறி வைக்கேல்லை. ரெஸ்ரோரண்ட் வைச்சிருக்கிறியள்.”

என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மரம் போனது போகட்டும், அது என் மடைமை. ஆனால் அடுத்தவர் நம்பித் தந்த மரத்தடியில் நானே சாப்பாடு போட்டு, வைக்கோல் மெத்தையும் விரித்து, விருந்தாளியை வேலி தாண்டி அழைத்து வந்திருக்கிறேன். இதை எந்த வாயால் பெரிட்டிடம் சொல்வது?

“அழுது என்ன செய்யிறது? வேலையைப் பாப்பம்,” என்றார் அவர்.

வைக்கோல் முழுவதையும் அள்ளி எடுத்தோம். புதைத்திருந்த மிச்சம் மீதியைக் கிளறி எடுத்துப் பச்சைப் பையில் கட்டினோம். பின்னேரம் போய்ப் பார்த்தால், திறந்து வைத்திருந்த பாதை இரண்டு பக்கமும் அடைத்திருந்தது. ஆள் உள்ளேதான்.

தோட்டக் கடையில் வோண்ட் பொறி கேட்டபோது, அங்கே நின்ற பெண் முதலில் கேட்டது பாதை எத்தனை சென்ரிமீற்றர் என்று. பாதை பொறியைவிடப் பெரிதாக இருந்தால் வோண்ட் பக்கத்தால் நழுவிவிடும், சிறிதாக இருந்தால் பாதையை இடித்துத்தான் வைக்கவேண்டும், இடித்தால் அதற்குச் சந்தேகம் வரும். நல்ல வேளை, அன்ரன் அண்ணை அளந்து சொல்லியிருந்தார். குழாய்ப் பொறி இரண்டு வாங்கினோம். இந்த முறை சோப்பும் இல்லை, சந்தனமும் இல்லை. அதே தோட்டத்து மண்ணை அள்ளிப் பொறி முழுவதும் தேய்த்தோம். வெளியில் மழையில் கிடந்த தோட்டக் கையுறையை மட்டும் போட்டோம், ஏனென்றால் குசினியில் சமைக்கப் போடும் என் கையுறையில் உள்ளி மணம் ஏழு தலைமுறைக்கும் போகாது.

இரண்டு பொறியையும் அன்ரன் அண்ணை ஒரே பாதையில், முதுகோடு முதுகு முட்ட வைத்தார். ஒன்று இந்தப் பக்கம் பார்த்து, மற்றது அந்தப் பக்கம் பார்த்து. அது எந்தப் பக்கத்தால் வரும் என்று நமக்குச் சொல்லிவிட்டா வரும்? பாதைக்குள் விழுந்த துகள் மண்ணையெல்லாம் விரலால் வழித்து எடுத்தார். உள்ளே ஒரு கரட் துண்டு. “பழகின சாப்பாட்டையே வைப்பம்,” என்றார். மேலே புல் கட்டியை வைத்து, வெளிச்சம் ஒரு கீற்றும் போகாமல் மூடி, பக்கத்தில் ஒரு குச்சி நட்டார். காலையும் மாலையும் கட்டாயம் பார்க்கவேண்டும், பொறியை வைத்துவிட்டு மறந்துபோவது பாவம் என்றார்.

மறுநாள் காலை விழுந்திருந்தது.

பிடிபட்டால் துள்ளிக் குதிப்பேன் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. தேன் நிறத் தோல், மழுங்கிய மூக்கு, செம்மஞ்சள் பல், வயிற்றோடு மடித்து வைத்த சின்னக் கை... செத்துத்தான் கிடந்தது, உடனே செத்திருக்கும் போல. ஆனாலும் என்னால் அதிக நேரம் பார்க்க முடியவில்லை. “ஸ்தாக்கர்ஸ்,” என்றாள் மீரா. பாவம் என்று அர்த்தம். பாவம்தான். குளிர்காலம் முழுக்கச் சாப்பாடு போட்டு வளர்த்தவளே பொறியும் வைத்தால் அதற்குப் பேர் என்ன?

ஒரு கிழமையில் மொத்தம் நான்கு விழுந்தன. அதன் பிறகு பாதையைத் திறந்து விட்டுப் பார்த்தோம். ஒரு நாள் அடைக்கவில்லை. இரண்டு நாள் அடைக்கவில்லை. நாலாம் நாளும் திறந்தபடியே கிடந்தது. பொறியை வெளியே எடுத்தோம்.

பெரிட்டின் மரத்தை அன்ரன் அண்ணை ஒரு பக்கம் மெல்லக் கிளறிப் பார்த்தார். வேலிப் பக்கத்து வேர் முழுதும் போய்விட்டது. மற்றப் பக்கம் இருந்தது. கம்பு நட்டு மரத்தைக் கட்டினார், கிளைகளைக் குறைத்தார். “பாதி வேருக்குப் பாதி மரம்தான் தாங்கும். தப்பலாம், தப்பாமலும் விடலாம்,” என்றார்.

இதற்கிடையில் மூன்று ஞாயிறு வந்து போனது. மூன்று தடவையும் “மரம் எப்படி?” மூன்று தடவையும் “நல்லா இருக்கு.” நான் நல்ல பொய்க்காரி என்று எனக்கே அப்போதுதான் தெரியவந்தது.

மே பதினாலாம் தேதி மகளின் காரில் பெரிட் வந்து இறங்கினார். ஊன்றுகோலோடு நேரே தோட்டத்துக்குத்தான் போனார். கம்பு கட்டி, கிளை குறைத்து, ஒரு பக்கம் துளிர்த்தும் மறுபக்கம் மொட்டையாகவும் நின்ற மரத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். உள்ளே ஓடிப் போய்க் கதவைப் பூட்டிக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

பிறகு வேலியைத் தாண்டிப் போய், எல்லாவற்றையும் சொன்னேன். கிண்ணம், வைக்கோல், ராசவள்ளி, நான்கு ஞாயிற்றுப் பொய். என் நோர்வேஜிய மொழி பதற்றத்தில் கால் தடுக்கிக் கால் தடுக்கி வந்தது. முடிந்ததும் பெரிட் மரத்தில் கை வைத்து, கொஞ்சம் அசைத்துப் பார்த்தார்.

“நீ மரத்தடியில் சாப்பாடு புதைப்பதை நான் பார்த்திருக்கிறேன்,” என்றார். “குசினி ஜன்னலால் தெரியும். ஒவ்வொரு வருடமும் செய்வாய்.”

“பார்த்தீர்களா?”

“ஏழு வருடமாக. வோண்ட் வரும் என்று என் கணவர் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.”

மரம் கையோடு வந்த அன்றுகூட எனக்கு இப்படி அதிர்ச்சி வரவில்லை. ஏழு வருடம் ஒரு மனுசி ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறார், என்ன நடக்கும் என்றும் அவருக்குத் தெரியும், ‘ஹை’ சொல்லியிருக்கிறார், வெயிலைப் பற்றி இரண்டு வசனம் சொல்லியிருக்கிறார்...

“ஏன் எனக்குச் சொல்லவில்லை?”

பெரிட் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “அது உன் தோட்டம் அல்லவா?”

நம்மவர் வளவில் ஒரு கன்று பிழையாக நட்டுப் பாருங்கள். மண் காய்வதற்குள் வேலியில் நாலு தலை முளைக்கும். ஆழம் போதாது, இடம் சரியில்லை, இந்தக் கன்றை ஏன் வாங்கினாய், யாரிடம் வாங்கினாய், எவ்வளவு கொடுத்தாய், ஏமாந்துபோனாய் என்று அழாத குறையாகச் சொல்லுவார்கள். அந்தத் தொல்லை வேண்டாம் என்றுதானே நானும் இந்த அமைதியான வரிசை வீட்டை விரும்பி வாங்கினேன்? அந்த அமைதியின் விலை ஒரு மரம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்லுவார்கள்? சொல்லமாட்டார்களே.

“சரி, என் தோட்டம். ஆனால் உங்கள் மரத்துக்கும் நான் அதைச் செய்வேன் என்று யோசிக்கவில்லையா?” என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

பெரிட் ஊன்றுகோலை மரத்தில் சாய்த்து வைத்தார்.

“இல்லை,” என்றார். “உன் மரத்துக்குச் செய்வதை என் மரத்துக்கும் செய்வாய் என்று எனக்குத் தோன்றவேயில்லை.”

பிறகு அவர்தான் கோப்பி குடிப்போமா என்று கேட்டார். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அந்த வீட்டுக் குசினியில் உட்கார்ந்தேன். ஜன்னலால் பார்த்தேன். உண்மைதான், என் மரத்தடி அங்கிருந்து அப்படியே தெரிகிறது.

மரம் மே மாதக் கடைசியில் பூத்தது. ஒரு பக்கம் மட்டும். அன்ரன் அண்ணை வந்து பார்த்துவிட்டு, “அடுத்த வருசம்தான் தெரியும்,” என்று சொல்லிப் போனார்.

போன சனிக்கிழமை நான் ஒரு புது ஆப்பிள் கன்று வாங்கி வந்தேன். பழைய இடத்தைத் தவிர்த்து வேறு இடத்தில் குழி வெட்டி, வேருக்குக் கம்பிவலையும் போட்டு, மண் தள்ளத் தொடங்கினேன். பக்கத்து வீட்டுக் குசினி ஜன்னல் திறந்தது.

“குழி ஆழம் கூடிவிட்டது. ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்கு மேலே நிற்கவேண்டும்,” என்றார் பெரிட்.

மண்ணை எல்லாம் அள்ளி எடுத்து, மறுபடி உயர்த்தி வைத்தேன். ஜன்னல் மூடியது. இரண்டு நிமிடத்தில் திறந்தது.

“வலையை இன்னும் மேலே இழு.”

இழுத்தேன். மூடியது. மூன்றாவது தடவையும் திறந்தது.

“தண்ணீரை இப்போது ஊற்றாதே, முதலில் மண்ணை மிதி.”

‘அது என் தோட்டம்’ என்ற வசனம் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்படியே விழுங்கிவிட்டு, மண்ணை மிதித்தேன்.